சாசனம் முதலில், பணம் பிறகு: நவாஹோ சமுதாயக் கல்லூரியும் உள்ளூர் ஆளுகையும்

சொந்த வருமானம் இல்லாத ஊர் சொந்தமாகக் கல்லூரி நடத்த முடியாது என்பது கல்வி நிர்வாகத்தில் ஊறிப்போன எண்ணம். அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகள் பள்ளிப்படிப்பை முடித்தவர்களுக்கு உள்ளூரிலேயே இரண்டாண்டுப் படிப்பும் தொழிற்பயிற்சியும் தருபவை. அவற்றில் பல வட்டாரச் சொத்து வரியை நம்பி எழுந்தவை. வரி கட்டியவர்களே ஆட்சிக்குழுவைத் தேர்ந்தெடுத்ததால் பணமும் அதிகாரமும் ஒரே கையில் இருந்தன. இந்தக் கணக்கின்படி, அமெரிக்கப் பூர்வகுடியினரான நவாஹோ மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலமான நவாஹோ ரிசர்வேஷனில் அப்படியொரு கல்லூரி தோன்றியிருக்கவே முடியாது. அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் சுமார் 70,000 சதுர கிலோமீட்டர் பரந்த அந்த நிலத்தின் பெரும்பகுதி மத்திய அரசின் பொறுப்பில் உள்ள அறக்கட்டளை நிலம். அதற்குச் சொத்து வரி கிடையாது. ஆனாலும் 1968இல் அங்கே நவாஹோ சமுதாயக் கல்லூரி நிறுவப்பட்டது. பூர்வகுடி அரசு ஒன்று தானே நிறுவி நடத்திய முதல் கல்லூரி அதுதான். நிலையான பணம் கைக்கு வருமுன்பே ஆளும் உரிமையைச் சட்டப்படி உறுதி செய்துகொண்டதுதான் இதைச் சாத்தியமாக்கியது என்பது இக்கட்டுரையின் வாதம். உரிமையும் பணமும் வந்த வரிசை மாறியிருந்தால், வாஷிங்டன் நடத்திய பள்ளிகளின் நீளமான பட்டியலில் அது இன்னொன்றாகச் சேர்ந்திருக்கும்.

அந்தப் பட்டியலின் தொடக்கம் 1868 ஒப்பந்தம். நான்காண்டுகள் போஸ்க் ரெடோண்டோவில் சிறைவைக்கப்பட்டிருந்த நவாஹோ மக்கள் தாயகம் திரும்ப அனுமதித்த அந்த ஒப்பந்தம், 6 முதல் 16 வயது வரையிலான குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் கடமையை அவர்கள்மீது சுமத்தியது. 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற வாக்குறுதியை அரசு தந்தது. பள்ளியில் என்ன கற்பிப்பது, யார் கற்பிப்பது என்பதில் மக்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. 1879இல் பென்சில்வேனியாவின் கார்லைலில் தொடங்கிய உறைவிடப்பள்ளி முறை, குழந்தைகளை வீட்டிலிருந்தும் தாய்மொழியிலிருந்தும் பிரிப்பதையே கல்வியின் நோக்கமாக்கியது. அந்தப் பள்ளிகளின் அவலத்தை 1928இல் வெளிவந்த மெரியம் அறிக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. நிர்வாகம் அதன்பிறகும் மத்திய அரசின் பூர்வகுடி விவகாரப் பணியகத்தின் கையிலேயே இருந்தது. 1950களில் எண்ணெய் வருவாய் பெருகியபோது நவாஹோ பழங்குடி மன்றம் உயர்கல்விக்கான உதவித்தொகை நிதியை ஏற்படுத்தியது. பணம் கொடுத்து வெளியூர்ப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பப்பட்ட மாணவர்களில் பலர் பட்டம் பெறாமலே திரும்பினார்கள். இந்தத் தோல்வி இக்கட்டுரையின் வாதத்துக்கு முக்கியமான சான்று. இங்கே பணம் மக்களுடையதாகவே இருந்தது. அது சென்று சேர்ந்த நிறுவனங்களில்தான் அவர்களுக்குக் குரல் இல்லை.

உள்ளூர் ஆளுகை எதில் அடங்கியிருக்கிறது என்பதை நவாஹோ தலைவர்கள் அனுபவத்தில் கற்ற இடம் லுக்காசுக்காய். 1965இல் வறுமை ஒழிப்புத் திட்ட நிதியைக் கொண்டு அங்கிருந்த பணியகப் பள்ளியில் சமூகப் பங்கேற்புச் சோதனை ஒன்று தொடங்கியது. பள்ளி ஊழியர்கள் பணியகத்துக்கே பதில் சொல்ல வேண்டியவர்களாக இருந்தார்கள். புதிய திட்டத்தின் ஊழியர்கள் வேறொரு தலைமையின்கீழ் இருந்தார்கள். ஒரே கட்டடத்தில் இரண்டு நிர்வாகங்கள் நடந்ததால் சோதனை விரைவிலேயே கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு ரஃப் ராக் என்ற ஊரில், ஊழியர்கள் இன்னும் அமர்த்தப்படாத புதிய பள்ளிக் கட்டடம், நவாஹோ பொறுப்பாளர்கள் அமைத்த இலாபநோக்கற்ற அமைப்பிடம் ஒப்பந்தத்தின் மூலம் ஒப்படைக்கப்பட்டது. ஊர் மக்கள் தேர்ந்தெடுத்த பள்ளிக்குழுவின் உறுப்பினர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் ஆட்களை அமர்த்தும் அதிகாரம் அவர்களிடம் இருந்தது, பள்ளி நிலைத்தது. இரண்டு இடங்களிலும் பணம் வாஷிங்டனிலிருந்தே வந்தது, நோக்கமும் ஒன்றே. வேறுபட்டது ஆசிரியரை நியமிக்கும் கையெழுத்து யாருடையது என்பது மட்டும்தான். நவாஹோ கல்வி இயக்கத்தின் பின்னாளைய போக்கு முழுவதையும் இந்த ஒரு பாடத்திலிருந்தே விளக்கலாம் என்பது என் கருத்து.

ரஃப் ராக்கின் பொறுப்பாளர்களாக இருந்த கை கோர்மனும் நெட் ஹத்தாத்லியும், அதன் இயக்குநராக இருந்த ராபர்ட் ரோசலும்தான் கல்லூரிக் கோரிக்கையையும் முன்னெடுத்தார்கள். ரேமண்ட் நக்காய் தலைவராக இருந்த பழங்குடி மன்றம் 1968இல் கல்லூரிக்குச் சாசனம் அளித்தது. இருந்த ஏதாவதொரு அரிசோனாக் கல்லூரியின் கிளையாகத் தொடங்குவதுதான் எளிய வழி. அங்கீகாரமும் மாநில நிதியும் ஓரளவு உடனே கிடைத்திருக்கும். அந்த எளிமையை அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். 1969 சனவரியில் மெனி ஃபார்ம்ஸ் என்ற ஊரில் இரவல் வாங்கிய உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்தில் வகுப்புகள் தொடங்கின. செலவுக்குப் பழங்குடி மன்றத்தின் பங்கு, வறுமை ஒழிப்பு நிதி, தனியார் அறக்கட்டளைகளின் கொடை எனப் பல இடங்களில் கையேந்த வேண்டியிருந்தது. ஆட்சிக்குழு மட்டும் நவாஹோக்களுடையது. முதல் தலைவரான ரோசல் நவாஹோ அல்லர். அந்த ஆண்டே பொறுப்பு ஹத்தாத்லியிடம் சென்றது. நவாஹோ மொழியும் வரலாறும் பாடத்திட்டத்தின் நடுவில் வந்தன. சடங்குப் பாடல்களில் தேர்ந்த மூத்தோர் பட்டச் சான்றிதழ் இல்லாமலே ஆசிரியர்களாக அமர்த்தப்பட்டார்கள். கல்லூரி அச்சகம் 1973இல், நவாஹோக்கள் போஸ்க் ரெடோண்டோவுக்குக் கட்டாயமாக நடத்திச் செல்லப்பட்ட நெடும்பயணக் கால நினைவுகளையும், 1974இல் 1930களின் கட்டாயக் கால்நடைக் குறைப்பைப் பற்றிய மூத்தோர் வாய்மொழிகளையும் நூலாக்கியது. மத்திய அரசு செய்த கொடுமையைப் பாதிக்கப்பட்டவர்களின் சொற்களிலேயே பதிவு செய்த அந்தக் கால்நடை நூல், மத்திய அரசின் பணத்தையும் பெற்றுக்கொண்டிருந்த கல்லூரியிலிருந்து வந்தது. கிளைக் கல்லூரியின் தலைமை இதை எளிதில் அனுமதித்திருக்காது.

இத்தனைக்கும் பிறகுதான் நிலையான நிதிக்கான கோரிக்கை நாடாளுமன்றத்துக்குச் சென்றது. 1971 டிசம்பரில் நிறைவேறிய நவாஹோ சமுதாயக் கல்லூரிச் சட்டம், கட்டுமானத்துக்கு 55 லட்சம் டாலர் வரை அனுமதித்ததோடு நடத்தும் செலவுக்கும் வழி செய்தது. ஏற்கெனவே சாசனம் பெற்று, ஆட்சிக்குழுவும் மாணவர்களும் கொண்டு இயங்கிய கல்லூரிக்கு அந்தச் சட்டம் பணம் தந்ததே தவிர, அதைப் படைக்கவில்லை. 1973இல் சைலியில் புதிய வளாகம் திறந்தது. நவாஹோ வீடான ஹோகனைப் போலக் கிழக்கு நோக்கிய வாயிலோடும் வட்ட அமைப்போடும் அது எழுந்தது.

தென் டகோட்டாவின் லக்கோட்டா மக்கள் வேறு வழியில் சென்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல வாய்ப்பு. ரோஸ்பட் ரிசர்வேஷனின் சிண்டே கிளெஸ்கா கல்லூரியும் பைன் ரிட்ஜின் ஒக்லாலா லக்கோட்டா கல்லூரியும் 1970களின் தொடக்கத்தில் பழங்குடி அரசுகளின் சாசனம் பெற்றன. ஆனால் தங்கள் மாணவர்களின் படிப்புக்கு மதிப்பு கிடைக்க பிளாக் ஹில்ஸ் மாநிலக் கல்லூரி போன்ற வெளி நிறுவனங்களின் அங்கீகாரத்தைக் கடன் வாங்கின. இது தன்னாட்சிக்கு முரண்பட்டதாகத் தோன்றலாம். ஆட்சிக்குழு தங்களுடையதாக இருந்ததால் அந்தக் கடனைத் தற்காலிகமானதாக அவர்களால் வைத்திருக்க முடிந்தது. 1983இல் இரண்டு கல்லூரிகளும் இளங்கலைப் பட்டம் வழங்கச் சொந்த அங்கீகாரம் பெற்றன. ஒக்லாலா கல்லூரி தன்னாட்சியை இன்னொரு படி கீழே கொண்டுசென்றது. பைன் ரிட்ஜின் ஒன்பது மாவட்டங்களிலும் கல்வி மையம் அமைத்து, ஒவ்வொன்றுக்கும் உள்ளூர்க் குழுவை வைத்தது.

இந்தக் கல்லூரிகள் தனித்தனியே வாஷிங்டனின் கதவைத் தட்டுவதை நிறுத்தி, 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பூர்வகுடி உயர்கல்விக் கூட்டமைப்பாக ஒன்று சேர்ந்தன. அந்தக் கூட்டு முயற்சியின் பெரிய பலன், 1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட பழங்குடி ஆளுகைச் சமுதாயக் கல்லூரி உதவிச் சட்டம். நிதி பெற விரும்பும் கல்லூரி பழங்குடி அரசின் சாசனமோ ஒப்புதலோ பெற்றிருக்க வேண்டும். ஆட்சிக்குழுவில் பெரும்பான்மையினர் பூர்வகுடியினராக இருக்க வேண்டும். பணம் தருபவர் பொதுவாகத் தன் அதிகாரத்தை நிபந்தனையாக வைப்பார். இங்கே பெறுபவரின் அதிகாரமே நிபந்தனையாக எழுதப்பட்டது. பத்தாண்டு முன்பே நவாஹோக்கள் அப்படியொரு கல்லூரியை நடத்திக் காட்டியிராவிட்டால் இந்த வாசகம் சட்டத்துக்குள் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

மத்திய அரசின் பணத்தில் வாழும் கல்லூரியைத் தன்னாட்சி பெற்றது என்று எப்படிச் சொல்வது என்பது இதற்கு எழும் முதல் மறுப்பு. இதில் உண்மை உண்டு. 1978 சட்டம் முழுநேர மாணவர் ஒருவருக்கு 4,000 டாலர் வரை அனுமதித்தது. ஆண்டுதோறும் நாடாளுமன்றம் உண்மையில் ஒதுக்கிய தொகை அதைவிடக் குறைவு. 1980களின் இறுதியில் அது அனுமதித்த அளவில் பாதியைக்கூட எட்டவில்லை. பூர்வகுடியல்லாத மாணவர்களை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அவர்களுக்கான செலவைக் கல்லூரியே தாங்கியது. ஆனால் இந்த நிதிப் பஞ்சம் பாடத்திட்டத்தையோ ஆட்சிக்குழுவையோ மாற்றும் கருவியாகவில்லை. கல்லூரிகள் மெலிந்தன, ஆசிரியர் ஊதியம் தேங்கியது, கட்டடங்கள் பழுதாயின. யாரை ஆசிரியராக்குவது, எதைக் கற்பிப்பது என்ற முடிவு இடம் மாறவில்லை. பணப் பற்றாக்குறையும் அதிகார இழப்பும் வெவ்வேறு துன்பங்கள். முதலாவதை எதிர்த்துப் போராடுவதற்கே இரண்டாவது நேராமல் இருக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு தரத்தைப் பற்றியது. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் டொனால்ட் எரிக்சனும் ஹென்ரியட்டா ஷ்வார்ட்ஸும் 1969இல் ரஃப் ராக் பள்ளியைப் பற்றி எழுதிய மதிப்பீடு கடுமையானது. உள்ளூர்க் குழுவின் கையில் பள்ளியைக் கொடுத்தால் கற்றல் தானாக உயர்ந்துவிடாது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்றாண்டுகூட நிறையாத பள்ளியை நூறாண்டுத் தோல்வியைச் சரிசெய்யவில்லை என்று குறைகூறுவது சரியான அளவுகோல் அல்ல. நவாஹோ கல்லூரி 1976இல், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் வட மத்தியச் சங்கத்தின் அங்கீகாரத்தைப் பெற்றது. சிண்டே கிளெஸ்கா 1989இல் முதுகலைக் கல்வியியல் வரை சென்றது. வெளி அளவுகோல்களையும் இக்கல்லூரிகள் எதிர்கொண்டன; அதற்கு எவ்வளவு காலம் எடுத்துக்கொள்வது என்பதை மட்டும் தாங்களே தீர்மானித்தன.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. வாஷிங்டன் தலையிடாத இடத்தில் பழங்குடி அரசியல் தலையிடும். சாசனம் கொடுத்த மன்றமே கல்லூரித் தலைவரை மாற்றவும் முடியும். ஆளும் தரப்பு மாறும்போது கல்லூரி ஆடிப்போகும் ஆபத்து இந்த அமைப்பிலேயே இருக்கிறது. இதற்குத் தீர்வு பழங்குடி அரசிலிருந்து விலகி நிற்பதா? கலிபோர்னியாவின் டேவிஸ் நகருக்கு அருகே 1971இல் தொடங்கிய டி-கியூ பல்கலைக்கழகம் எந்த ஒரு பழங்குடி அரசுக்கும் உரியதாக இல்லாமல், பல இனத்தாருக்கும் பொதுவானதாக அமைந்தது. அந்தச் சுதந்திரம் மதிக்கத்தக்கது. ஆனால் நெருக்கடி வந்தபோது அதைத் தன் கல்லூரி என்று தாங்கிப்பிடிக்கக் கடமைப்பட்ட அரசு எதுவும் பின்னால் இல்லை. 2005இல் அங்கீகாரத்தை இழந்தது. அதன் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. இது அவற்றில் சிறியது அல்ல. உள்ளூர் அரசியலின் தொல்லை, உள்ளூர் அரசு இருப்பதன் விலை. ஆட்சிக்குழுவின் பதவிக்காலத்தையும் நீக்க விதிகளையும் சாசனத்தில் இறுக்கி அந்த விலையைக் குறைக்கலாம்.

1990களில் இக்கல்லூரிகளின் நிலை சற்று உறுதிப்பட்டது. 1994இல் 29 பழங்குடிக் கல்லூரிகள், வேளாண் கல்விக்கு மத்திய அரசின் உதவி பெறும் நிலக்கொடைக் கல்லூரிகளுக்கான தகுதியைப் பெற்றன. 1997இல் நவாஹோ சமுதாயக் கல்லூரி டினே கல்லூரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் அரிசோனா மாநிலம், நவாஹோ நிலத்தில் வசூலாகும் விற்பனை வரியில் ஒரு பங்கை டினே கல்லூரியின் கட்டட வசதிகளுக்கு அளிக்கச் சட்டம் இயற்றியது. நவாஹோ நிலத்தில் வசூலான வரியின் ஒரு பகுதி, கல்லூரி தொடங்கி முப்பதாண்டுகள் கழித்து, நவாஹோக்களின் கல்லூரிக்கே வந்தது. அதற்கு ஈடாக ஆட்சிக்குழுவில் மாநில அரசு இடம் பெறவில்லை. குழு உறுப்பினர்களை நியமிக்கும் உரிமை 1968இல் இருந்தது போலவே நவாஹோ அரசிடம் இருக்கிறது.