தகடூர்த் தூதும் ஔவையாரின் நகைமொழியும்

சில சொற்களில் பல பொருளை அடக்கி, நகைப்பையும் சிந்தனையையும் ஒருங்கே தருவது நகைமொழி. இதனைப் பேச்சுக்கு அழகூட்டும் அணியாக மட்டுமே நாம் பெரும்பாலும் கருதுகிறோம். ஆயின், நேரே உரைக்க இயலாத உண்மையை உரைப்பதற்கும் அது பயன்பட்டது என்பதற்கு நம் தகடூர் வரலாறே சான்றாகும்.

தீர்த்தமலை அடங்கிய மாவட்டத்தின் தலைநகராகிய தருமபுரியே பண்டைத் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அப்போது ஔவையார் பாடியதே புறநானூற்றின் 95ஆம் பாடல்.

இங்குள்ள படைக்கலங்கள் பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க மனையில் உள்ளன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. கேட்பவனுக்கு முதலில் இது புகழாகவே ஒலிக்கும். அவன் படைக்கலங்கள் போர்க்களம் காணாதவை என்னும் பொருள் சற்றுப் பின்னரே உறைக்கும்.

தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாகப் பகுத்தார். வெளிப்படையாகப் பழிப்பது முன்னது. மறைத்துப் பழிப்பது பின்னது. அயலான் அவையில் நிற்கும் தூதர் வெளிப்படையாக இகழ்ந்தால் தூது முறியும். வெறுமனே புகழ்ந்தால் அனுப்பியவனுக்குச் சிறுமை நேரும். இவ்விரண்டுக்கும் இடையே இருந்த ஒரே வழி பழிகரப்புதான்.

மேடைகளில் பெரும்பாலும் இவ்வளவே சொல்லப்படுகிறது. பாடலோ இத்துடன் முடியவில்லை. உள்ளபோது பிறர்க்கு உணவளித்தும், இல்லாதபோது இருப்பதைப் பிறரோடு உடன் உண்டும் வாழ்பவன். வறியோர் சுற்றத்துக்குத் தலைவன் என்று அதியமானைக் காட்டியே அது நிறைவுறுகிறது. ஆகவே, அரசனின் வலிமை கொட்டிலில் இல்லை, அவனோடு உண்பவரிடத்தில் உள்ளது என்பதே இந்நகைப்பின் உட்பொருள் எனக் கொள்ளலாம்.

திணை, துறை வகுத்தோர் இப்பாடலைப் படைக்கலத்தைப் புகழும் வாண்மங்கலத் துறையில் அடக்கினர். தூதுச் செய்தியைத் தருவது பாடலின் அடிக்குறிப்பே. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் அத்தகைய குறிப்புகளையும் சேர்த்தே பதிப்பித்தார். அக்குறிப்பு அழிந்திருந்தால் நாம் இதனை வெறும் புகழ்ப்பாடலாகவே படித்திருப்போம். நகைமொழிக்குச் சொல்லைப் போலவே சூழலும் உயிர் என்பதை இது உணர்த்துகிறது.

பின்னர்ப் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றதைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து பேசுகிறது. தகடூர்க் கோட்டை வீழ்ந்தது. ஔவையாரின் சொல் வீழவில்லை. நகைமொழிகளை மேற்கோளாக எடுத்தாள்வோர், அவை யாரிடம், எந்நிலையில் நின்று சொல்லப்பட்டன என்பதையும் உடன் சொல்வதே அவற்றுக்கு நாம் செய்யும் முறையாகும்.