மலைநிலமும் சார்பு நிலைப்படுத்தல் வழுவும்: ஒரு வரலாற்று நோக்கு

அறிவியற் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அக்கருவிகளை வேண்டிநின்ற உழைப்பின் நிலைமைகளும், அவற்றின் எல்லைகளை வெளிப்படுத்திய இயற்கையின் இயல்பும் அவ்வரலாற்றிற் பின்தள்ளப்படுகின்றன. வான்வழி ஒளிப்பட அளவையியலில் மலைநிலம் எழுப்பிய பிரச்சினை இவ்விரண்டையும் ஒருங்கே நோக்க வாய்ப்பளிக்கின்றது.

விமானத்திலிருந்து அடுத்தடுத்து எடுக்கப்படும் இரு படங்களில் ஒரே நிலப்பகுதி பதிகின்றது. அவ்விரு கணங்களிலும் கமராவின் நிலைகள் ஒன்றுக்கொன்று எவ்வாறு அமைந்திருந்தன எனக் காண்பதே சார்பு நிலைப்படுத்தல். அதில் அறியவேண்டிய கணியங்கள் 5. அவை சரியாயின், நிலத்தின் ஒரு புள்ளிக்குரிய இரு கதிர்களும் சந்திக்கும். பிழையாயின் பறப்புத் திசைக்குக் குறுக்கே விலகி நிற்கும். இவ்விலகலே குறுக்கு இடமாறு தோற்றம் எனப்படுவது.

அல்ப்ஸ் மலையின் பனியாறுகளை அளந்தவரான ஜேர்மன் கணிதவியலாளர் செபஸ்தியன் பின்ஸ்டர்வால்டர், 1899 இல் இத்துறையின் கேத்திரகணித அடிப்படைகளைத் தொகுத்துரைத்தார். 1903 இல், பலூனிலிருந்து எடுத்த இரு படங்களைக் கொண்டு, இன் ஆற்றங்கரையிலுள்ள கார்ஸ் என்னும் ஊரின் நிலத்தோற்றத்தைக் கணிப்பினாலேயே மீட்டமைத்துக் காட்டினார். கோட்பாடு தோன்றிவிட்டது. ஆயின், ஒவ்வொரு புள்ளியையும் கையாற் கணிக்கும் உழைப்பு, அதனைப் பெருமளவு உற்பத்திக்கு உதவாததாக்கிற்று.

இம்முரண்பாட்டைத் தீர்த்தது கருவி. ஒட்டோ வொன் குருபர் 1924 இல் முன்வைத்த முறையில், தெரிந்தெடுத்த 6 புள்ளிகளில் விலகலை ஒவ்வொன்றாக நீக்கினாற் போதும். சமன்பாடுகளின் இடத்தைக் கருவியாளனின் கண்ணும் கையும் ஏற்றன. பக்கச் சாய்வை நீக்குகையில் மட்டும், கண்ட விலகலுக்கு மேலாக ஒரு குறித்த மடங்கு மிகைத்திருத்தம் செய்யவேண்டும். அம்மடங்கு பறப்புயரத்திற்கும் புள்ளியின் குறுக்குத் தூரத்திற்கும் உள்ள விகிதத்தைச் சார்ந்தது. சமநிலத்தில் அது ஏறத்தாழ மாறிலி. ஒருமுறை கணித்தால் அடுத்தடுத்த படங்களுக்கும் உதவும்.

மலைநிலம் இவ்வசதியைக் குலைத்தது. முகட்டிலும் பள்ளத்திலும் உயரம் வேறுபடுவதால், ஒரே மடங்கு எல்லாப் புள்ளிகளுக்கும் பொருந்தவில்லை. புள்ளிகளின் உயரங்களைக் கணக்கிற்கொண்டு திருத்தத்தைக் கணிக்கும் எண்முறைகள் தேவையாயின. கருவி ஒதுக்கிய கணிப்பு இவ்வாறு மீண்டும் உட்புகுந்தது.

எனினும் இதனினும் ஆழமான இடர் ஒன்றுண்டு. பள்ளத்தாக்கின் நெடுக்கே பறக்கும்போது, அதன் அடித்தளமும் இரு சரிவுகளும், கமராவின் இரு நிலைகளையும் உள்ளடக்கும் ஓர் உருளையின் பரப்பை ஒத்தமையக்கூடும். இதனை அறிஞர் ‘ஆபத்தான உருளை’ என்பர். புள்ளிகள் யாவும் அதன்மீது அமையின், சில வழுக்கள் ஒன்றையொன்று ஈடுசெய்து மறைந்துவிடும். கதிர்கள் சந்திக்கும், விலகல் தோன்றாது. ஆயினும் உருவாகும் நிலமாதிரி திரிபுற்றிருக்கும். இங்கு வழு கருவியாளனின் கவனக்குறைவன்று. நோக்குவோன் நின்ற நிலைக்கும் நிலத்தின் வடிவத்திற்கும் இடையிலான உறவின் விளைவு.

1950களில் அமெரிக்க ஏவுகணைச் சோதனைகளின் தேவை, கணிப்புமுறைக்கு மீண்டும் உயிரூட்டியது. ஹெல்முட் சிமிட், டுவேன் பிரவுண் ஆகியோர் கணனியின் துணையுடன், மிகையான அவதானங்களை இழிவு வர்க்க முறையாற் செப்பஞ்செய்யும் வழிகளை வகுத்தனர். 1957 இல் ஹெலாவா முன்வைத்த பகுப்பாய்வுக் கருவி, கணிப்பையும் கண்ணையும் ஒன்றிணைத்தது. எனினும், அவதானங்கள் அனைத்தும் அவ்வுருளைமீதே குவிந்திருப்பின் எத்தகைய கணிப்பு வேகமும் பயன்தராது. உருளைக்குப் புறத்தேயுள்ள புள்ளிகளைச் சேர்த்தல், வேறு பறப்புப் பாதையிலிருந்து படம் எடுத்தல், நிலத்தில் நேரடியாக அளந்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளோடு ஒப்பிடல் ஆகியனவே மருந்து.

இதனைச் சமூக ஆய்விற்கு அப்படியே பெயர்த்தல் பொறிமுறைவாதமாகும். ஆயினும் முரணின்மை மட்டும் உண்மைக்குச் சான்றாகாது என்பதை இவ்வரலாறு திட்டவட்டமாக உணர்த்துகின்றது. படங்கள் தம்முள் இசைகின்றனவா என்பது முதல் வினா. நிலத்தோடு இசைகின்றனவா என்பது முடிவான வினா. அதற்கான விடையை, மலையேறி அளப்போரின் உழைப்பே நெடுங்காலம் வழங்கிவந்தது.