லோயர், ஹையர், ஏ.ஐ.

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

ஏ.ஐ. வந்ததால் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா என்று உங்களில் பலர் என்னிடம் கேட்கிறீர்கள். ஆபீசுக்குள் புது இயந்திரம் நுழைவதை எங்கள் தலைமுறை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

முதலில் டைப்ரைட்டர். வெளிநாட்டு ரெமிங்டன்தான் ராஜாவாக இருந்தது. 1955இல் கோத்ரெஜ் இங்கேயே தயாரிக்க ஆரம்பித்தது. 1980 வாக்கில் பஸ் ஸ்டாண்டு இருந்தால் பக்கத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருக்கும். நானும் ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, கார்டு வருமா என்று காத்திருந்த நாட்களில் போனேன். நிமிடத்துக்கு 30 வார்த்தை அடித்தால் லோயர், 45 அடித்தால் ஹையர். ஸ்பீடு மட்டும் போதாது. இரண்டாம் தாளில் அடித்தல் திருத்தலோடு ஒரு கையெழுத்துப் பிரதி கொடுப்பார்கள். எந்த அம்புக்குறி எங்கே போகிறது, எந்த வரி எதற்கு முன்னால் வரும் என்று புரிந்துகொண்டு சுத்தமாக அடிக்க வேண்டும். பாதிப் பேர் கோட்டை விடுவது அங்கேதான்!

ஒரு டைப்பிஸ்ட் ஆபீசில் சேர்ந்தால் நாள் முழுக்க அடுத்தவர் எழுதிய டிராஃப்டைத்தான் அடிப்பார். பார்க்கிறவர்களுக்குச் செக்கு மாட்டு வேலையாகத் தெரியும். ஆனால் பத்து வருடம் அடித்தவருக்கு எந்த விதியை எங்கே காட்டுவது, மேலதிகாரியிடம் 'முடியாது' என்பதை எவ்வளவு பணிவாக எழுதுவது என்பதெல்லாம் விரல் வழியாகவே மண்டைக்குள் ஏறியிருக்கும். அப்படியே சூப்பிரண்டு வரைக்கும் போனவர்கள் உண்டு.

அடுத்தது பேங்க். கம்ப்யூட்டர் என்றாலே அன்று கொடி பிடித்தார்கள். கடைசியில் 1983 செப்டம்பரில் ஊழியர் சங்கங்களும் இந்திய வங்கிகள் சங்கமும் உட்கார்ந்து பேசி, எந்த வேலைக்கு எந்த அளவு இயந்திரம் என்று ஒப்பந்தம் போட்டன. 1984இல் ரங்கராஜன் கமிட்டி அறிக்கை கொடுத்தது. பிறகு லெட்ஜர் மெஷின்கள் கிளைகளுக்குள் வந்தன. அவற்றில் உட்கார்ந்தது யார்? நேற்றுவரை பேனாவால் லெட்ஜர் எழுதிய அதே கிளார்க்குகள். சங்கங்கள் முன்னேற்றத்தைத் தடுத்தன என்று இன்றும் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். என் கணக்கில் அவர்கள் வாங்கிக் கொடுத்தது அவகாசம். 2000-01இல் அரசு வங்கிகளில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் விருப்ப ஓய்வில் போனார்கள், சிறிய எண்ணிக்கை இல்லை. ஆனாலும் அவர்கள் பல வருடம் வேலை பார்த்து முடித்தவர்கள்.

இப்போது மாட்டிக்கொள்வது உள்ளேயே நுழையாதவர்கள். டைப்ரைட்டருக்கு டிராஃப்டை மனிதர் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 2022 நவம்பரில் வந்த சாட்ஜிபிடி டிராஃப்டையே எழுதிவிடுகிறது. மீட்டிங் குறிப்பு, அறிக்கையின் முதல் பிரதி, சின்னச் சின்ன புரோகிராம் இவைதானே புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குக் கொடுக்கிற வேலை? அதை மெஷினிடம் கொடுத்துவிட்டு 'அனுபவம் உள்ளவர் தேவை' என்று விளம்பரம் போட்டால், அனுபவம் எந்தக் கடையில் விற்கிறது?

ஆள் எடுக்கிற இடத்திலும் இதே கதை. அமேசான் கம்பெனி, வந்து குவியும் பயோடேட்டாக்களைத் தரம் பிரிக்க ஒரு மென்பொருளைச் சோதனையாக உருவாக்கியது. அதற்குப் பாடமாகக் கொடுத்தது முந்தைய பத்து வருட விண்ணப்பங்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. 'பெண்கள் செஸ் கிளப் கேப்டன்' என்று ஒரு பயோடேட்டாவில் இருந்தால் அது மார்க்கைக் குறைத்தது! ஆசிரியை போட்ட கோட்டின் மேலேயே எழுதுகிற ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. அந்த மென்பொருளைக் கைவிட்டுவிட்டார்கள் என்று 2018இல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. வேலைவாய்ப்பு அலுவலக சீனியாரிட்டி எங்களை வருடக்கணக்கில் காக்க வைத்தது உண்மை. ஆனால் ஏன் கார்டு வரவில்லை என்று போய்க் கேட்டால் பதிவு தேதியைக் காட்டுவார்கள்.

எச்.ஆர். வேலையில் இருக்கும் என் மாணவர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். இந்த வருடம் புதிதாகப் படிப்பை முடித்தவர்கள் எத்தனை பேரை எடுத்தீர்கள்? முதல் ஆறு மாதம் அவர்கள் கையில் என்ன வேலை கொடுக்கிறீர்கள்? கீழே எழுதுங்கள். கண் ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, பதில் போடத் தாமதமாகும். ஆனால் எல்லாவற்றையும் படிப்பேன்.