தேய்ந்த பொத்தானும் வீட்டுப் பழுதுபார்ப்பும்

ரிமோட்டில் பெரும்பாலும் முதலில் மக்கர் செய்வது பொத்தான்தான். உள்ளிருக்கும் ஐ.சி.யும் முனையிலுள்ள அகச்சிவப்பு எல்.இ.டி.யும் நன்றாக இருக்கும்போதே, ஒலியைக் கூட்டும் பொத்தானையோ சேனல் மாற்றும் பொத்தானையோ நகம் வலிக்க அழுத்த வேண்டியிருக்கும். கேடு பெரிதல்ல. ரப்பரின் அடியிலுள்ள கரிப்பூச்சு மெலிந்திருக்கும், அல்லது அதன்மேல் எண்ணெய்ப் படலம் படிந்திருக்கும். இவ்வளவு சிறிய கேட்டுக்காக முழு ரிமோட்டையும் தூக்கி எறியத் தேவையில்லை என்று கண்டவர்கள் வீட்டிலேயே பல வைத்தியங்களைப் பழகினார்கள். பொத்தானின் அமைப்பு மாறிய ஒவ்வொரு முறையும் அதன் நோய் மாறியது, மருந்தும் மாறியது.

சுத்தியலும் தண்டும்

அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1950இல் 'லேசி போன்ஸ்' என்ற ரிமோட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீளமான கம்பி ஒன்று அதைத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்தது. நடுவீட்டில் கிடந்த கம்பி காலை இடறியதால் அது நெடுநாள் நிலைக்கவில்லை. அதே நிறுவனத்தின் பொறியாளர் யூஜின் பாலி 1955இல் 'ஃப்ளாஷ்-மேட்டிக்'கை உருவாக்கினார். துப்பாக்கி வடிவிலிருந்த அந்தக் கருவி ஒளிக்கற்றையைப் பாய்ச்ச, திரையின் நான்கு மூலைகளில் இருந்த ஒளியுணரிகள் அதை உணர்ந்து வேலை செய்தன. அறைக்குள் வெயில் விழுந்தாலும் அவை உணர்ந்துவிடும் என்பதே அதன் குறை.

1956இல் வந்த 'ஸ்பேஸ் கமாண்ட்' இந்தச் சிக்கலைத் தீர்த்தது. வியன்னாவில் பிறந்த ராபர்ட் ஆட்லர் அதன் வடிவமைப்பாளர். சுமார் இரண்டரை அங்குல நீளமுள்ள நான்கு அலுமினியத் தண்டுகள் உள்ளே இருந்தன. பொத்தானை அழுத்தினால் சிறு சுத்தியல் ஒன்று தண்டின் முனையைத் தட்டும். மனிதக் காதுக்கு எட்டாத அந்த ஒலியைப் பெட்டி கேட்டுச் சேனலை மாற்றும். ரிமோட்டில் பேட்டரியே கிடையாது. பேட்டரி தீர்ந்துவிட்டால் பெட்டியே பழுதாகிவிட்டதாக வாடிக்கையாளர் நினைத்துக்கொள்வார் என்று விற்பனைப் பிரிவினர் அஞ்சியதே அதற்குக் காரணம். ஒலியைப் பிரித்தறியப் பெட்டிக்குள் கூடுதலாக ஆறு வால்வுகள் தேவைப்பட்டன. அதனால் பெட்டியின் விலை சுமார் 30 சதவீதம் ஏறியது. ஆனால் அந்தப் பொத்தானில் மின்தொடர்பு ஏதும் இல்லை. வில்லும் சுத்தியலும் சரியாக இருந்தால் பொத்தானும் சரியாக இருக்கும்.

1960களில் டிரான்சிஸ்டர் வந்ததும் நிலைமை மாறியது. ரிமோட்டுக்குள் பேட்டரி புகுந்தது. தண்டைத் தட்டும் வேலை போய், மின்சுற்றை இணைத்துப் பிரிக்கும் வேலை பொத்தானுக்கு வந்தது. மின்தொடர்பு வந்த நாள் முதலே அழுக்கும் துருவும் தேய்மானமும் பொத்தானுக்குப் பகையாயின.

நான்கிலிருந்து நாற்பதுக்கு

பொத்தான்களைப் பெருக்கியவை மூன்று புதுமைகள். அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1963 நவம்பரில் சுழல் டயலுக்கு மாற்றாகப் பொத்தான் தொலைபேசியை அறிமுகப்படுத்தியது. 1968இல் அதில் நட்சத்திரக் குறியும் சதுரக் குறியும் சேர, 12 பொத்தான்கள் ஆயின. 1972இல் வந்த ஹெச்பி-35 கால்குலேட்டர் 35 பொத்தான்களைச் சட்டைப் பைக்குள் அடக்கியது. 1974இல் பி.பி.சி. 'சீஃபேக்ஸ்' என்ற எழுத்துச் செய்திச் சேவையைத் தொடங்கியது. வேண்டிய பக்கத்தின் எண்ணைக் கொடுத்தால் அந்தப் பக்கம் திரையில் வரும். அதற்காகத் தொலைக்காட்சி ரிமோட்டிலும் 0 முதல் 9 வரையான எண்கள் வேண்டியிருந்தன. இத்தனை கட்டளைகளை ஒலியால் பிரித்து அனுப்புவது கடினம். 1970களின் இறுதியிலிருந்து அகச்சிவப்பு ஒளி அந்த இடத்தைப் பிடித்தது.

நான்கு பொத்தான்களுக்கு நான்கு உலோக ஸ்விட்சுகள் வைக்கலாம். நாற்பதுக்கு வைத்தால் விலை கட்டுபடியாகாது. இதற்கு விடையாக வந்தது சிலிக்கோன் ரப்பர். எல்லாப் பொத்தான்களும் ஒரே தாளாக வார்க்கப்பட்டன. ஒவ்வொரு பொத்தானையும் சுற்றி மெல்லிய பாவாடை போன்ற வளையம் இருக்கும். அழுத்தினால் அது மடிந்து இறங்கும், விட்டால் பழைய நிலைக்கு எழும்பும். சிலிக்கோன் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே பொத்தானின் அடியில் கரித்தூள் கலந்த ரப்பர் வில்லை ஒன்று ஒட்டப்பட்டது. அதற்கு நேர் கீழே, சர்க்யூட் போர்டில் இரண்டு சீப்புகளின் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்தாற்போல இரு கரிக்கோடுகள் அச்சிடப்பட்டன. வில்லை இறங்கிக் கோடுகளைத் தொட்டால் சுற்று இணையும்.

ஒவ்வொரு பொத்தானுக்கும் தனிக்கம்பி இழுக்காமல் வரிசை, நிரல் என்று கோடுகளைப் பின்னியதால் செலவு மேலும் குறைந்தது. 4 வரிசைகளும் 8 நிரல்களும் இருந்தால் 12 இணைப்புகளிலேயே 32 பொத்தான்கள் கிடைத்துவிடும். அழுத்தப்பட்ட பொத்தான் எந்த வரிசையையும் எந்த நிரலையும் இணைக்கிறது என்று ஐ.சி. பார்த்து, அதற்குரிய குறியை நொடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கும் அகச்சிவப்பு ஒளியில் ஏற்றி அனுப்பும்.

இதே காலத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாள்களை அடுக்கிச் செய்த கீபேடும் பரவியது. பிரிட்டனில் 1981இல் வந்த சின்க்ளேர் இசட்.எக்ஸ்.81 கணினியின் விசைப்பலகை அத்தகையது. 1982இல் வந்த ஸ்பெக்ட்ரம் கணினி அந்தத் தாளின்மேல் ரப்பர் பொத்தான்களை வைத்தது. தாளின் வால்பகுதி காய்ந்து விரிசல் விட்டால் பல பொத்தான்கள் ஒரே நேரத்தில் செத்துவிடும். அங்கே தாளையே மாற்றுவதுதான் வழி. மைக்ரோவேவ் அடுப்பு, வாஷிங் மெஷின் ஆகியவற்றின் தட்டைப் பொத்தான்களுக்கும் பெரும்பாலும் இதே கதை.

கரிப்பூச்சு ஏன் செத்துவிடுகிறது

புதிய வில்லையின் மின்தடை சில நூறு ஓமுக்குள் இருக்கும். அது பல ஆயிரமாக ஏறி ஓர் எல்லையைத் தாண்டினால், பொத்தான் அழுத்தப்பட்டதை ஐ.சி. உணராது. தடை ஏறுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, ரப்பர் தானே கசியவிடும் எண்ணெய். வார்ப்பின்போது முழுமையாகப் பிணையாத சிலிக்கோன் எண்ணெய் மெல்ல வெளியேறிப் போர்டின்மேல் பிசுபிசுப்பான படலமாகப் படியும். பெட்டியில் பத்திரமாக வைத்த பழைய ரிமோட்டும் வேலை செய்யாமல் போவது இதனால்தான். இரண்டாவது, விரலின் வியர்வையும் எண்ணெயும், சிந்திய டீயும் காபியும், இடுக்கு வழியே இறங்கும் தூசியும். மூன்றாவது, உண்மையான தேய்மானம். ஒலி, சேனல், பவர் பொத்தான்களின் கரி மட்டும் பளபளப்பாகி மெலியும். ஆண்டுக்கு ஒருமுறை தொடப்படும் பொத்தான்களின் கரி புதிதுபோல் கறுப்பாகவே இருக்கும். முதல் இரண்டு காரணங்களுக்குச் சுத்தம் செய்தாலே போதும். மூன்றாவதற்குத்தான் புதிய கடத்தி வேண்டும். வீட்டு வைத்தியங்கள் பலவும் தோற்பதற்குக் காரணம், எந்த நோய் என்று பாராமலே மருந்து போடுவதுதான்.

தமிழ்நாட்டில் ரிமோட்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. வண்ண ஒளிபரப்பு 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வந்தது. ஓரிரு சேனல்களே இருந்த அந்நாளில் ரிமோட் அவசியமாக இல்லை. எழுந்துபோய்க் குமிழைத் திருகினால் போதும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் சென்னை பர்மா பஜாரில் வாங்கியவர்களும் கொண்டுவந்த பெட்டிகளிலும் வி.சி.ஆர்.களிலுமே பலர் ரிமோட்டை முதலில் பார்த்தார்கள். 1991இல் ஸ்டார் டி.வி.யும் 1993இல் சன் டி.வி.யும் வந்து, கேபிள் தெருத்தெருவாகப் பரவிய பிறகு நிலைமை மாறியது. சேனல்கள் பெருகப் பெருகப் பொத்தான்களும் தேய்ந்தன.

2006இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியதும் பெட்டி குடிசை வீடுகளையும் எட்டியது. 2012 முதல் நாட்டில் கேபிள் ஒளிபரப்பு கட்டம்கட்டமாக டிஜிட்டலுக்கு மாறியது. தமிழக அரசு கேபிள் நிறுவனம் 2017இல் இலவச செட்டாப் பாக்ஸ்களை வழங்கத் தொடங்கியது. பெட்டிக்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று என வீட்டில் இரண்டு ரிமோட்டுகள் ஆயின.

ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போடுவது, உள்ளங்கையில் தட்டுவது, பேட்டரியைக் கழற்றாமல் விரலால் உருட்டுவது ஆகிய பழக்கங்கள் இப்படி ஊன்றின. உருட்டும்போது பேட்டரி முனையில் படிந்த துரு உரசி விலகுவதால் தொடர்பு தற்காலிகமாகச் சீராகும். தேய்ந்த பொத்தானுக்கு அது உதவாது.

கைப்பேசியிலும் இதே சிக்கல் இருந்தது. 2003இல் வந்த நோக்கியா 1100இன் பொத்தான்கள் தூசி புகாதபடி ஒரே ரப்பர் தாளாக அமைந்தன. உலகெங்கும் 25 கோடிக்கும் மேல் விற்ற போன் அது. அதில் ரப்பருக்கு அடியில் கரி இல்லை. குமிழ்போல் குவிந்த மெல்லிய உலோகத் தகடுகள் இருந்தன. எழுத்து அழிந்தாலும் பொத்தான் பெரும்பாலும் வேலை செய்தது. கெட்டால் ரப்பர் தாளைத் தெருமுனைக் கடையிலேயே மலிவாக மாற்ற முடிந்தது.

வைத்தியங்கள்

பழுதுபார்ப்பின் முதல் வேலை நோயைக் கண்டறிவது. அந்நாளில் மெக்கானிக்குகள் ஏ.எம். ரேடியோவை நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, ரிமோட்டை அருகில் பிடித்துப் பொத்தானை அழுத்துவார்கள். ரிமோட் வேலை செய்தால் ரேடியோ கரகரக்கும். கேமரா போன் வந்தபின் வழி எளிதானது. ரிமோட்டின் முனையைக் கேமராவுக்கு நேரே பிடித்து அழுத்தினால் திரையில் ஊதா கலந்த வெண்ணிற மினுக்கம் தெரியும். பின்புறக் கேமராக்கள் பலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால் முன்புறக் கேமராவே நல்லது. எந்தப் பொத்தானுக்கும் மினுக்கம் இல்லையென்றால் பேட்டரி, அதன் முனை, துடிப்பின் வேகத்தை நிர்ணயிக்கும் ரெசனேட்டர் கீழே விழுந்து உடைந்திருப்பது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரே வரிசைப் பொத்தான்கள் முழுதும் செத்திருந்தால் போர்டில் விரிசல் இருக்கலாம். அங்குமிங்கும் சில பொத்தான்கள் மட்டும் செத்திருந்தால் குற்றவாளி கரிதான்.

பேட்டரி அறைக்குள் திருகாணி ஒளிந்திருக்கும். அதைக் கழற்றிப் பழைய ஏ.டி.எம். கார்டை இடுக்கில் நுழைத்து ஓட்டினால் பூட்டுகள் ஒவ்வொன்றாக விடுபடும். ரப்பர் தாளைச் சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மென்மையாகத் துடைக்க வேண்டும். துடைத்த பஞ்சில் ஏறும் பழுப்புப் பிசுக்கே பெரும்பாலான ரிமோட்டுகளின் நோய். தின்னரும் பெட்ரோலும் ரப்பரை ஊதச் செய்து பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். பிளேடால் சுரண்டினால் போர்டின் கரிக்கோடே பெயர்ந்து வந்துவிடும்.

சுத்தம் செய்தும் எழாத பொத்தானுக்கு மக்கள் முதலில் கண்ட மருந்து பென்சில். பென்சில் முனையிலுள்ள கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். ஹெச்.பி. பென்சிலில் களிமண் மிகுதி, 6பி பென்சிலில் கிராஃபைட் மிகுதி. ஆனால் வழுக்கும் ரப்பரில் கிராஃபைட் ஒட்டி நிற்காது. சில வாரங்களில் உதிர்ந்து போர்டில் பரவி, அடுத்த கோடுகளையும் இணைத்துவிடலாம்.

அடுத்தது சிகரெட் டப்பாவின் சில்வர் பேப்பர். வில்லை அளவுக்கு வெட்டி, தாள் பக்கத்தில் பசை தடவி, உலோகப் பக்கம் போர்டை நோக்கும்படி ஒட்டுவார்கள். அலுமினியத்தின் தடை மிகக் குறைவு என்பதால் பொத்தான் உடனே உயிர்பெறும். விளிம்பு நீண்டால் பக்கத்துக் கோட்டைத் தொடும். சுருங்கிய தகடு நாளடைவில் கரிக்கோட்டைச் சுரண்டும். சாதாரணப் பசை சிலிக்கோனைப் பிடிக்காததால் சில மாதங்களில் கழன்றும் விழும். சிலிக்கோன் பசையே அதில் நிற்கும்.

மூன்றாவது வழி, ரிமோட்டுக்குள்ளேயே உதிரிப்பாகம் தேடுவது. யாரும் தொடாத பொத்தானின் கரிவில்லையைக் கூர்மையான பிளேடால் மெல்லச் சீவி எடுத்து, தேய்ந்த பொத்தானில் சிலிக்கோன் பசையால் ஒட்டலாம். பொருளும் உயரமும் அசலுக்கு ஒத்திருப்பதால் இந்த வேலை நெடுநாள் தாங்கும். பசை வில்லையின் முகத்தில் வழியாமல் பார்ப்பதும், ஒருநாள் முழுக்க உலரவிடுவதும் முக்கியம். இதற்கெனவே கரிப்பசைப் புட்டிகளும் ஒட்டுவில்லைகளும் கடைகளில் விற்கப்படுகின்றன. அதே மாடல் ரிமோட் குறைந்த விலையில் கிடைக்கும் இடத்தில் இவற்றை வாங்குவது லாபமில்லை. உற்பத்தி நின்றுபோன கால்குலேட்டர், இசைக் கீபோர்டு ஆகியவற்றுக்கு இவையே கடைசிப் புகலிடம்.

இன்றைய நிலை

சென்னை ரிச்சி தெருவில் அநேகமாக எல்லாப் பெட்டிகளுக்கும் மாற்று ரிமோட் கிடைக்கிறது. அது மலிவானதும் தேய்ந்த பொத்தானைச் சரிசெய்யும் பழக்கம் குறைந்தது. மறுபுறம், கருவியைப் பிரித்துப் பழுதுபார்க்கும் உரிமை குறித்த பேச்சு வலுத்துள்ளது. இந்திய அரசு 2022 டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. குரலுக்குப் பணியும் புதிய ரிமோட்டுகளில் பொத்தான்கள் பத்து பதினைந்தாகக் குறைந்துவிட்டன. திருகாணியே இல்லாமல் பூட்டுகளால் மூடப்பட்டவை பல. அவற்றைத் திறப்பதுதான் கடினம், உள்ளே தொடர்பின் தத்துவம் மாறவில்லை. கரிவில்லை உள்ளவற்றுக்கு மேற்சொன்ன முறைகள் அனைத்தும் பொருந்தும். உலோகக் குமிழ் உள்ளவற்றில் குமிழையும் அதன் அடியையும் ஆல்கஹாலால் துடைப்பதும், விரிசல் விட்ட குமிழை மாற்றுவதும் போதும்.