பித்தளைக் கோதின் வரலாறு

போர்களின் வரலாற்றைக் கூறப் புகுவோர் வேந்தர்களையும் படைத்தலைவர்களையும் பற்றியே பெரிதும் பேசுவர். ஆயினும், போர்வீரனொருவனின் உயிர் விரலளவான பித்தளைக் கோதொன்றில் தங்கியிருந்த வேளைகளும் பல. அக்கோது தேர்ச்சி பெற்ற வரலாறு அறிவுக்கு விருந்தாவதாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தோட்டா என்பது மருந்தும் குண்டும் வைத்துச் சுற்றிய காகிதப் பொதியே. அதனைப் பல்லாற் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலினுட் கொட்டுதல் வழக்கம். அக்காகிதத்திற் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் பூசப்பட்டுள்ளன என்ற செய்தி பரவியமையால், 1857 ஏப்பிரல் மாதத்தில் மீரத் நகரிலே குதிரைப்படை வீரர் 85 பேர் தோட்டாக்களைத் தொட மறுத்தனர். அடுத்த மாதம் மூண்ட பெருங் கிளர்ச்சியை யாவரும் அறிவர்.

காகிதத்தின் இடத்தை உலோகம் பெற்றது அதன் பின்னரே. 1866ஆம் ஆண்டளவில், வுலிச் நகரிலிருந்த அரச ஆய்வுகூடத்தின் தலைவர் எட்வேர்ட் பொக்சர் என்பார் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, அடியில் இரும்புத் தட்டொன்றைப் பொருத்திக் கோது சமைத்தார். கோதின் கடமை இரண்டு. மருந்து வெடிக்கும்போது விரிந்து, வாயு பின்னோக்கி வாராதவாறு குழலின் அறையை அடைத்தல் ஒன்று. வெடித்தபின் சற்றே சுருங்கி, இழுத்தவுடன் எளிதில் வெளிவருதல் மற்றொன்று. சுருட்டிய தகடு முதற் கடமையை ஓரளவு செய்தது. இரண்டாவதிற் பலகாலும் தவறியது. 1885 சனவரி 17ஆம் நாள், சூடான் நாட்டின் அபூ கிளியாப் போரிலே, வெப்பமும் மணலும் மிகுந்த வேளையில் மார்ட்டினி ஹென்றித் துப்பாக்கிகள் பலவற்றிற் கோதுகள் சிக்கிக்கொண்டன. பகைவர் நெருங்கி வருகையிற் கைத்துப்பாக்கி வெறுந் தடியாயிற்று. இத்தகைய துன்பங்களின் பயனாக, ஒரே வட்டத் தகட்டை அழுத்தி இழுத்து உருவாக்கும் பொருத்தற்ற கோது நிலைபெற்றது. செம்பு நூற்றுக்கு 70 பங்கும் நாகம் 30 பங்கும் சேர்ந்த பித்தளையே இதற்குத் தகுந்ததெனக் காணப்பட்டது.

ஆனால், புதிய கோதுக்குப் புதிய பிணியொன்று தோன்றியது. இந்தியாவில் மழைக்காலத்திற் படை நடவடிக்கைகள் குறையவே, தோட்டாக்கள் குதிரை லாயங்களிற் சேமித்து வைக்கப்பட்டன. மழை ஓய்ந்தபின் எடுத்துப் பார்த்தால், யாரும் தொடாத கோதுகளிலே வெடிப்புகள் காணப்பட்டன. குண்டை இறுகப் பற்றிய கழுத்துப் பகுதியிலேயே அவை மிகுந்திருந்தன. பருவத்தோடு வந்தமையால் இதனைப் 'பருவ வெடிப்பு' என்றனர். காரணம் நெடுங்காலம் புலப்படவில்லை. 1921இலே மூர், பெக்கின்சேல், மலின்சன் என்னும் மூவர் அதனை விளக்கினர். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா, ஈரக் காற்றோடு சேர்ந்து, குளிர்நிலையில் இழுக்கப்பட்டதால் உள்ளே இறுக்கம் தேங்கிநின்ற பித்தளையைத் தாக்குகின்றது. அமோனியாவும் உள்ளிறுக்கமும் ஒருங்கு கூடும்போதே வெடிப்பு உண்டாகும். எனவே பரிகாரமும் எளிதாயிற்று: கோதை மிதமாகச் சூடாக்கி அவ்விறுக்கத்தைத் தணித்தல், லாயத்தினின்று அதனை விலக்கி வைத்தல். இன்றும் படைத் தோட்டாக்கள் பலவற்றின் கழுத்தருகே காணப்படும் நீலச்சாயல், அவ்வாறு சூடு பெற்றதன் அடையாளமேயாம்.

சுட்ட கோதில் மீண்டும் மருந்திட்டு வழங்கும் முறையும் பழையதே. 1870களில் அமெரிக்கச் சமவெளிகளிற் காட்டெருமை வேட்டையாடியோர், கடைத்தெரு தொலைவிலிருந்தமையால், தம் கோதுகளைப் பேணி மறுபடியும் பயன்படுத்தினர். இன்று குறிசுடும் போட்டியாளர் கோதைத் தெரியும்போது நோக்குவனவும் மேற்கூறிய வரலாறு கற்பித்தவையே: கழுத்தில் வெடிப்பின்மை, சுவரின் தடிப்பு எங்கும் ஒத்திருத்தல், ஒரே தொகுதியிற் செய்யப்பட்டமை. பொக்சர் முறைக் கோதின் அடியில் நடுவே ஒரு துளை மாத்திரம் உண்டு. அமெரிக்கரான பேர்டன் வகுத்த முறையிற் சிறுதுளைகள் இரண்டு. பயன்பட்ட தீமூட்டியை ஒரே ஊசியால் தள்ளி அகற்றலாமாகையால், மீள நிரப்புவோர் முன்னதையே விரும்புவர். ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவிலும், அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிலும் பெருவழக்காயின என்பது வியப்புக்குரியது.

பளபளப்பு உலோகத்தின் நலத்துக்குச் சான்றாகாது. அபூ கிளியாவிற் சிக்கிய கோதும், லாயத்தில் வெடித்த கோதும் புறத்தே பொன்போல ஒளிர்ந்தவையே. உள்ளே மறைந்துநின்ற குறையை மனிதர் கண்டுகொள்ள அரைநூற்றாண்டும் அளவிறந்த உயிர்களும் விலையாயின.