"பிழைக்க எத்தனை சதவீதம், டாக்டர்?"

ரத்தப் புற்றுநோய்னு ரிப்போர்ட் வந்ததும், டாக்டர் ரூமை விட்டு எழுந்திருக்கும் முன்னாடி குடும்பத்துல ஒருத்தர் கட்டாயம் கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு: "பிழைக்க எத்தனை சதவீதம்?" டாக்டர் ஒரு எண் சொல்லுவார், இல்லேன்னா சொல்லத் தயங்குவார். அந்த எண் எங்கிருந்து வருதுங்கிறதுதான் இன்னைக்கு நம்ம கதை.

எடுத்துக்கிட்டது ஒரே ஒரு நோய்: அக்யூட் மைலாய்ட் லுகேமியா, சுருக்கமா ஏஎம்எல். எலும்பு மஜ்ஜையில் உருவாகும் ரத்த அணுக்கள் முழுதாக வளராமல் பாதியிலேயே நின்றுவிடும். அந்த அரைகுறை அணுக்கள் பெருகி நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடும். சிகிச்சை இல்லையென்றால் வாரக்கணக்கு, இல்லாவிட்டால் மாதக்கணக்குதான்.

ரொம்ப காலம் டாக்டர்களிடம் இருந்த கருவி மைக்ராஸ்கோப் மட்டும்தான். நோயாளியின் வயது என்ன, வெள்ளை அணுக்கள் எவ்வளவு, அவை பார்க்க எப்படி இருக்கின்றன, அவ்வளவுதான். ஸ்லைடில் ஒரே மாதிரி தெரிந்த இரண்டு பேரில் ஒருத்தர் தேறுவார், இன்னொருத்தர் போய்விடுவார். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

இங்கேதான் ஜேனட் ரௌலி வர்றாங்க. சிகாகோவில் டாக்டர். நான்கு மகன்களை வளர்த்துக்கொண்டே பல வருஷம் பகுதி நேரமாக வேலை பார்த்தவர். 1970களின் தொடக்கத்தில், குரோமோசோம்களுக்குச் சாயமேற்றி ஒவ்வொன்றையும் அதன் பட்டைகளை வைத்து அடையாளம் காணும் முறை புதுசா வந்திருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் அதைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். லுகேமியா நோயாளிகளின் குரோமோசோம் ஃபோட்டோக்களை வீட்டு டைனிங் டேபிளில் பரப்பி, கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி ஜோடி சேர்ப்பார். பேப்பர் பொம்மை விளையாட அம்மாவுக்குச் சம்பளம் தர்றாங்கன்னு பிள்ளைங்க கிண்டல் பண்ணுவாங்களாம்.

1972ல் அந்த ஃபோட்டோக்களில் ஒன்றைக் கவனித்தார். ஏஎம்எல் நோயாளிகளிடம் 8ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 21ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டியிருந்தன. 1977ல் இன்னொன்று: ஏஎம்எல்லின் ஒரு வகையான அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியாவில் (ஏபிஎல்னு வெச்சுப்போம்) 15க்கும் 17க்கும் இடையே அதே மாதிரி ஒரு இடமாற்றம். குரோமோசோம் குளறுபடி எல்லாம் புற்றுநோய் வந்த பிறகு நடக்கிற குப்பைன்னு நெனச்சவங்க அப்போ நிறைய பேர். அந்த நம்பிக்கை அதுக்கப்புறம் நிக்கல.

அடுத்த இருபது வருஷத்தில் உலகம் முழுக்க இந்தக் கணக்கெடுப்பு நடந்தது. 1998ல் பிரிட்டனில் 1,612 நோயாளிகளின் குரோமோசோம்களையும், அவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மூன்று குழு பிரிந்தது. சாதகமான மாற்றம் உள்ளவர்களில் 65 சதவீதம் பேர் ஐந்து வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். நடுக் குழுவில் 41. பாதகமான குழுவில் 14. டாக்டர் சொல்கிற எண் இப்படித்தான் பிறக்கிறது. உங்களுக்கு முன்னாடி இதே நோயோட வந்தவங்களுக்கு, அன்னைக்கு இருந்த மருந்தை வெச்சு, என்ன ஆச்சுன்னு எண்ணிப் பார்த்த எண் அது.

"அன்னைக்கு இருந்த மருந்தை வெச்சு". இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. அந்த 1998 பட்டியலில் சாதகமான குழுவில் யார் இருக்காங்க தெரியுமா? 15க்கும் 17க்கும் மாறின நம்ம ஏபிஎல்.

இதே ஏபிஎல்லை 1957ல் நார்வேயில் ஹில்லஸ்டாட் என்ற டாக்டர் தனி நோயாக முதலில் விவரித்தார். மூன்று நோயாளிகள். கடுமையான ரத்தக்கசிவு, சில வாரங்களுக்குள் மரணம். லுகேமியாவிலேயே மிக மோசமானது இதுதான் என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது. 1998க்குள் குரோமோசோம் ஏதும் திருந்திவிடவில்லை. அதே 15, அதே 17. மாறியது மருந்து.

1973ல் பிரான்ஸில் டௌனோரூபிசின் கொடுத்துப் பார்த்தபோது 34 பேரில் 19 பேருக்கு நோய் அடங்கியது. அடுத்த திருப்பம் ஷாங்காயில். வாங் ஷென்யி என்ற டாக்டர், அரைகுறை அணுவைக் கொல்வதற்குப் பதிலாக அதை வளர்த்து முடிக்க வைக்க முடியுமா என்று வருஷக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தார். 1985ல் சாகும் நிலையில் இருந்த ஐந்து வயசுச் சிறுமிக்கு ஏடிஆர்ஏ என்ற வைட்டமின் ஏ வகை மருந்தை வாய்வழியாகக் கொடுத்தார். குழந்தை பிழைத்தது. 1988ல் அவர் குழு வெளியிட்ட கட்டுரையில் 24 நோயாளிகள். 23 பேருக்கு அந்த ஒரு மருந்திலேயே நோய் அடங்கியிருந்தது.

அது ஏன் வேலை செய்கிறது என்பது அதற்குப் பிறகுதான், 1990 வாக்கில் தெரிந்தது. 17ஆம் குரோமோசோம் உடைகிற இடத்தில் இருந்த ஜீன், வைட்டமின் ஏ செய்தியை வாங்குகிற ஏற்பியின் ஜீன். மருந்து முதல்ல, விளக்கம் அப்புறம். மருத்துவ வரலாற்றுல இது அடிக்கடி நடக்கிற கூத்துதான்.

சீனாவிலிருந்து வந்த இரண்டாவது மருந்து ஆர்செனிக். ஆமாம், பாஷாணம். ஹார்பினில் நாட்டு மருந்திலிருந்து பிரித்தெடுத்து ஊசியாக்கினார்கள். இந்த இடத்தில் கதை நம்ம ஊருக்கு வருது. வேலூர் சிஎம்சியில் 1998லிருந்து 2004 வரை வந்த 72 புது ஏபிஎல் நோயாளிகளுக்கு ஆர்செனிக்கை மட்டுமே முக்கிய மருந்தாகக் கொடுத்தார்கள். வழக்கமான சிகிச்சை பலருக்குக் கட்டுப்படியாகாது. இது செலவு குறைவு. 62 பேருக்கு நோய் முழுமையாக அடங்கியது. ஐந்து வருஷக் கணக்கில் சுமார் 74 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். என் கருத்து என்னன்னா, இந்த வேலூர் கணக்கு மத்த எல்லா அட்டவணையிலயும் எழுதாம விட்ட ஒரு காலத்தைக் காட்டிக் கொடுக்குது. கையில் பணம் இல்லாதவருக்கு 'சாதகமான குரோமோசோம்' என்பதற்கு அர்த்தமே கிடையாது.

2013ல் இத்தாலி, ஜெர்மனி டாக்டர்கள் நோய் அபாயம் குறைந்த ஏபிஎல் நோயாளிகளுக்கு ஏடிஆர்ஏவையும் ஆர்செனிக்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வழக்கமான கீமோ மருந்துகள் இல்லாமலே, இரண்டு வருஷம் கழித்து 97 சதவீதம் பேர் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தார்கள்.

மற்ற ஏஎம்எல் வகைகளில் கதை இவ்வளவு இனிப்பாக இல்லை. குரோமோசோம் பார்க்க ஒழுங்காக இருக்கிற நோயாளிகளே நிறைய. அவர்களுக்கு ஜீன் அளவில் தேடினார்கள். எஃப்எல்டி3 என்ற ஜீனில் ஒரு துண்டு இரட்டித்திருந்தால் கெட்ட சகுனம், என்பிஎம்1 மாற்றம் மட்டும் தனியாக இருந்தால் பரவாயில்லை என்று கண்டார்கள். அதிலும் அட்டவணை நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2017 ஐரோப்பியப் பட்டியலில் எஃப்எல்டி3 இரட்டிப்பு அளவைப் பொறுத்து சிலர் சாதகத்தில், சிலர் பாதகத்தில் இருந்தார்கள். 2022ல் வேறு பாதக மாற்றம் இல்லாத எல்லோரையும் நடுக் குழுவுக்குக் கொண்டுவந்தார்கள். காரணங்களில் ஒன்று, இடையில் அந்த ஜீனையே குறிவைக்கும் மருந்துகள் வந்துவிட்டன.

ஏபிஎல்லுக்கே திரும்பி ஒண்ணு சொல்லி முடிச்சுக்கிறேன். 97 சதவீதம்னு கேட்டாலும், முதல் சில நாட்கள்லயே மூளையிலோ நுரையீரலிலோ ரத்தம் கசிஞ்சு போறவங்க இன்னைக்கும் இருக்காங்க. சிகிச்சைச் சோதனையில சேர்றதுக்கு முன்னாடியே போறதால அவங்கள்ல பலர் அந்தக் கணக்குக்குள்ள வர்றதே இல்ல. அதனால ஸ்லைடைப் பார்த்து ஏபிஎல்லா இருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே, குரோமோசோம் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம டாக்டர்கள் அன்னைக்கு ராத்திரியே ஏடிஆர்ஏ மாத்திரையை ஆரம்பிச்சிடுவாங்க. ரிசல்ட் வேறயா வந்தா நிறுத்திக்கலாம்.