சொந்த நாட்டிலேயே நாடற்றவர்: கென்னத் கவுண்டா

ஒரு நாட்டுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்து, 27 வருஷம் ஆண்ட மனிதரைப் பார்த்து, "நீங்கள் இந்த நாட்டுக் குடிமகனே இல்லை" என்று அந்த நாட்டு நீதிமன்றமே சொல்லுமா? ஜாம்பியாவில் 1999 மார்ச்சில் சொன்னார்கள்.

கென்னத் கவுண்டா 1924ல் ஜாம்பியாவின் வடக்கே, சின்சாலி அருகே லுப்வாவில் பிறந்தார். அப்பா, அம்மா இருவருமே பக்கத்திலிருந்த நியாசாலாந்திலிருந்து, அதாவது இன்றைய மலாவியிலிருந்து வந்தவர்கள். அப்போது இரண்டு பகுதிகளுமே பிரிட்டிஷார் கையில்தான். யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. பள்ளி ஆசிரியர், காந்தியின் வழியில் ஈடுபாடு, இரண்டு முறை சிறை, பிறகு 1964 அக்டோபர் 24ல் முதல் ஜனாதிபதி.

காந்தி பக்தர் என்பதால் மென்மையான ஆட்சி என்று நினைத்துவிட வேண்டாம். விடுதலைக்குச் சில மாதம் முன்பு வெள்ளைக்கார கவர்னர் போட்ட அவசரநிலையை இவர் கடைசிவரை எடுக்கவே இல்லை. 1972ல் ஒரே கட்சி ஆட்சி. இளவயது நண்பரும் துணை ஜனாதிபதியாக இருந்தவருமான சைமன் கப்வெப்வே தனிக்கட்சி தொடங்கியதும் விசாரணை இல்லாமல் உள்ளே போனார். 1981ல் தொழிற்சங்கத் தலைவர் ஃபிரடெரிக் சிலுபாவும் அப்படித்தான். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்டின் வருமானம் பெரும்பாலும் செம்பை நம்பியே இருந்தது. 70களின் நடுவில் செம்பு விலை விழுந்தது, கடன் ஏறியது. 1990ல் மக்காச்சோள மாவின் விலையைக் கூட்டியதும் கலவரம் வெடித்தது. அடுத்த வருஷம் பல கட்சித் தேர்தல். கவுண்டாவுக்குக் கிடைத்தது சுமார் 24 சதவீதம். ஜெயித்தவர் அதே சிலுபா! ராணுவத்தைக் கூப்பிடாமல், வம்பு பண்ணாமல் கவுண்டா இறங்கிப் போனார். அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்பேன்.

ஆனால் அவர் திரும்பி வந்துவிடுவாரோ என்ற பயம் சிலுபாவுக்கு. 1996ல் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள்: ஜனாதிபதி வேட்பாளரின் பெற்றோர் இருவரும் ஜாம்பியர்களாக இருக்க வேண்டுமாம். 1924ல் ஜாம்பியா என்ற பெயரே கிடையாதே! பழைய ரெக்கார்டுகள் மேல் புது விதியைப் போட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் தொழிலில் முதல் வருஷமே தெரிந்துவிடும். இங்கே அது தெரியாமல் நடந்த தவறு இல்லை.

1997ல் ஒரு ராணுவப் புரட்சி முயற்சி தோற்றது. மறுபடி அவசரநிலை. கிறிஸ்துமஸ் அன்று கவுண்டாவைக் கைது செய்தார்கள். விசாரணை இல்லாத காவல் எப்படி இருக்கும் என்று 73 வயதில் அவருக்கும் தெரிந்தது. தான்சானியாவின் நைரேரே சிறைக்கே போய் அவரைப் பார்த்தார்.

அதன் பிறகுதான் அந்த 1999 தீர்ப்பு. மேல்முறையீட்டுக்குப் பின் 2000ல் குடியுரிமை உறுதியானது. 2021 ஜூனில், 97 வயதில் லுசாகாவில் இறந்தார். ஜாம்பியா அரசு 21 நாள் துக்கம் அறிவித்தது.